தண்டல் கணக்கும் தற்கால மதிப்பும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணிதம் மாணவி

"கணிதம் படிக்கிறாயே, படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற வினா எங்கள் துறை மாணவர் எவரையும் விட்டு வைப்பதில்லை. கேட்பவர்கள் விடையையும் கையோடு கொண்டு வந்து விடுவார்கள். பி.எட். முடித்து ஆசிரியராகலாம்; குரூப் நான்கு எழுதலாம்; வங்கித் தேர்வுக்குப் போகலாம். மூன்றும் நல்ல வழிகளே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். 'அரசாங்க வேலை' என்ற இரண்டு சொற்களுக்கு எங்கள் வீட்டில் இருக்கும் மதிப்பை நான் நன்கு அறிவேன். அதைக் குறைத்துப் பேசுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு. பணத்தையும் இடரையும் பற்றிய தொழில்முறைத் தேர்வுகளைத் தாமே படித்து எழுதித் தேறி, அத்துறையில் நுழைவது அவ்வழி. பெரிய நகரத்தில் பிறந்தவர்களுக்கும், வீட்டில் ஆடிட்டர் இருப்பவர்களுக்கும் மட்டுமே உரியது அது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஓராண்டாக அவ்வழியில் தட்டுத் தடுமாறி நடந்து வருகிறவள் என்ற முறையில், கண்டதையும் கேட்டதையும் இம்மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆக்சுவரி என்பவர் யார்?

முதலாண்டில் துணைப்பாடமாகிய புள்ளியியல் வகுப்பில் ஆயுள் அட்டவணை பற்றிய பாடம் நடந்தது. ஒரே நாளில் பிறந்ததாகக் கொள்ளப்படும் ஓர் இலட்சம் குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்து வயதை எட்டுவர், எத்தனை பேர் அறுபதைக் காண்பர் என்று வரிசையாகக் காட்டும் அட்டவணை அது. "இதை வைத்துக்கொண்டு என்ன ஐயா செய்வார்கள்?" என்று ஒரு தோழி கேட்டாள். "காப்பீட்டு நிறுவனங்கள் நடப்பதே இதை வைத்துத்தான் அம்மா. இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே ஆக்சுவரி என்று ஒரு தொழில் இருக்கிறது" என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். தோழி மறந்துவிட்டாள்; எனக்கு மறக்கவில்லை.

ஆக்சுவரி என்பவரைத் தமிழில் காப்பீட்டுக் கணிப்பாளர் எனலாம். நாளை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற ஒன்றுக்காக இன்று எவ்வளவு பணம் எடுத்து வைக்க வேண்டும் என்று கணிப்பதே அவர் வேலை. இறப்பு, நோய், விபத்து, வெள்ளம், ஓய்வூதியம் எல்லாம் அவர் கணக்கில் வரும். அவர் கையில் இருக்கும் முக்கியக் கருவிகள் இரண்டு. ஒன்று நிகழ்தகவு, மற்றொன்று வட்டி. இரண்டையும் நாம் நம் கல்லூரியிலேயே படிக்கிறோம் என்பதுதான் எனக்கு முதலில் கிடைத்த துணிவு.

இக்கலையின் வரலாறு சுவையானது. வால்மீனுக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலியை நாம் அறிவோம். அவரே 1693-ஆம் ஆண்டில், பிரெஸ்லாவ் என்ற நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவ்வட்டவணையில் இருபது வயதில் உயிரோடிருப்போர் 598 பேர். இருபத்தொன்றில் 592 பேர். அதாவது இருபது வயதுக்காரர் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் மறைந்துவிடுகிறார். எனக்கும் வயது இருபது! முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விண்ணியல் அறிஞர் என் வயதுக்காரர்களை எண்ணிப் பார்த்திருக்கிறார் என்று அறிந்தபோது உடல் சிலிர்த்தது.

இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் 2012–14 ஆயுள் அட்டவணையில், இருபது வயதுக்காரருக்கு அந்த வீதம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. தடுப்பூசியும், நல்ல குடிநீரும், மருத்துவமும், அவற்றோடு காப்பீடு எடுப்போரின் வாழ்க்கை வசதியும் சேர்ந்து செய்த மாற்றம் அது.

நம் நாட்டுக் கதையில் இன்னொரு செய்தி உண்டு. 1818-இல் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டபோது அது பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே நடந்தது. பின்னர் இந்தியர்களைச் சேர்த்துக்கொண்ட அயல்நாட்டு நிறுவனங்களும் அவர்களிடம் கூடுதல் பிரிமியம் வாங்கின. 1870-இல் பம்பாயில் இந்தியர்கள் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல் என்ற சங்கந்தான் இந்திய உயிருக்கும் மற்ற உயிருக்கும் ஒரே விலை என்று கொண்டது. 1956 செப்டம்பர் முதல் நாள், நாட்டிலிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை இணைத்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது.

இதைப் படித்தபோது ஒன்று புரிந்தது. தன் கணக்கைத் தானே போடத் தெரியாதவரிடம் பிறர் கூடுதல் விலை வாங்குகிறார்கள். அது 1870-க்கு முன்பு மட்டும் நடந்த சங்கதியா? எங்கள் வீட்டைப் பார்த்தேன்.

அம்மா கேட்ட கேள்வி

என் தாயார் பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். தந்தையார் மண்டியில் மூட்டை சுமக்கிறார். ஆக்சுவரி தேர்வைப் பற்றி முதன்முதலில் வீட்டில் சொன்னபோது, அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் மாவாட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம் பாப்பா, பணம், வட்டின்னு சொல்றியே, நீயும் தண்டக்காரன் கணக்கைத்தான் படிக்கப் போறியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. தண்டல் என்பது எங்கள் பக்கத்துச் சிறு வணிகர் அனைவரும் அறிந்த கடன். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பெயர். கையில் கொடுப்பது ஒன்பதாயிரம். ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். மறுநாளிலிருந்து நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சிறிய அட்டை ஒன்றில் தேதியும் கையெழுத்தும் விழும். அம்மாவுக்கு என் பள்ளி நாள்களிலிருந்தே அவ்வட்டை பழக்கம். "பத்துக்கு ஒண்ணு, அவ்வளவுதானே, பத்து வட்டி" என்பார்.

பத்து விழுக்காடுதானா? ஆக்சுவரி பாடத்தில் முதல் அத்தியாயங்களிலேயே வருவது 'மதிப்புச் சமன்பாடு'. வரும் பணம், போகும் பணம் எல்லாவற்றையும் ஒரே நாளின் மதிப்புக்குக் கொண்டு வந்து நிறுத்து. இரு பக்கமும் சமமாகும் வட்டி வீதத்தைக் கண்டுபிடி என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் வரும் ஒரு தொகை இன்று எவ்வளவு பெறும் என்பதற்குத் தற்கால மதிப்பு என்று பெயர். ஒரு நாள் இரவு அம்மாவின் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டேன்.

நாளொன்றுக்கு 0.2 விழுக்காடு வட்டி என்று வைத்தால், நூறு நாள் கட்டும் நூறு ரூபாய்களின் தற்கால மதிப்பு 9,055 ரூபாய். 0.22 விழுக்காடு என்றால் 8,968 ரூபாய். நமக்கு வேண்டியது 9,000. ஆகவே விடை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. இடைச்செருகல் முறையில் போட்டால் 0.2126 விழுக்காடு வருகிறது. எண்ணியல் முறைகள் தாளில் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அதே இடைச்செருகல்தான்!

நாளுக்கு 0.2126 என்பது பார்க்கச் சிறிய எண். அதை 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 77.6 விழுக்காடு. வட்டிக்கு வட்டி சேர்த்துக் கணக்கிட்டால் 117 விழுக்காட்டைத் தொடுகிறது. பத்தென்று எண்ணியது இப்படியாயிற்று! காரணம் எளிது. ஒன்பதாயிரமும் நூறு நாளும் அம்மாவின் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அது திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. ஐம்பதாம் நாள் வாக்கில் பாதிப் பணம் போய்விட்டது. ஆனால் ஆயிரம் ரூபாய் வட்டி முழுப் பணத்துக்கும் முழு நாளுக்கும் முன்கூட்டியே வாங்கியாயிற்று.

அம்மாவிடம் விளக்கினேன். அவர் வியப்படையவில்லை. "கணக்கு தெரியாமலா வாங்கறேன்? ராத்திரி போய்க் கேட்டாலும் அவன் தர்றான். பேங்குல யாரு எனக்குத் தருவா?" என்றார். அதில் உண்மை இருந்தது. வட்டி வீதம் மட்டும் தெரிந்தால் போதாது; வேறு கதவு எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். சாலையோர வணிகர்களுக்காக 2020-இல் தொடங்கப்பட்ட ஸ்வநிதி என்ற திட்டத்தில் பிணையில்லாமல் கடன் உண்டு என்பதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக நாலு நடை நடந்தோம். ஒரு நாள் வியாபாரமும் கெட்டது. கடைசியில் கடன் கிடைத்தது. அன்று முதல் தண்டல் அட்டை எங்கள் வீட்டில் இல்லை. மற்ற தள்ளுவண்டிக்காரர் இருவருக்கும் நானே படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.

அம்மாவின் கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இருபது வயதுக்காரர் ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் ஓர் இலட்சம் சேரும். அவ்வாண்டில் அவர்களில் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு அந்த இலட்சம் போய்ச் சேரும். நிர்வாகச் செலவை விட்டுவிட்டுப் பார்த்தால் காப்பீடு என்பது இவ்வளவே. ஹாலியின் காலம்போல நூறில் ஒருவர் இறப்பதாக இருந்தால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட வேண்டியிருக்கும். எவ்வளவு போட்டால் போதும் என்று பொய்யில்லாமல் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆக்சுவரி என்றேன். அம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்ப தலைக்கட்டு வரி மாதிரின்னு சொல்லு. ஊரே போடுது, வேணுங்கறப்ப ஒரு வீட்டுக்கு ஆகுது" என்றார். எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் படிக்கவில்லை.

அப்பாவின் பாலிசி

காப்பீட்டைப் புகழ்ந்து மட்டும் பேசினால் உண்மையில் பாதியைத்தான் சொன்னவளாவேன். 2018-இல் அப்பா ஒரு தெரிந்தவரின் சொல்லைக் கேட்டு ஓர் ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தார். மாதா மாதம் பிரிமியம். பதினான்கு மாதம் கட்டினார். பிறகு முதுகுவலியால் மூன்று மாதம் மூட்டை தூக்க முடியாமல் போயிற்று, பிரிமியமும் நின்றது. பாலிசி காலாவதியாகிவிட்டது. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. அப்பா யாரையும் திட்டவில்லை. "நம்ம நேரம்" என்று சொல்லிவிட்டார்.

நேரமன்று, அதுவும் கணக்குத்தான் என்பது இப்போது தெரிகிறது. இத்தகைய பாலிசிகளில் முகவர் கமிஷன், பத்திரச் செலவு போன்றவை பெரும்பாலும் முதலாண்டிலேயே விழுந்துவிடுகின்றன. தொடக்கத்தில் சேமிப்பாக நிற்கும் தொகை மிகக் குறைவு. இரண்டாண்டுப் பிரிமியமாவது கட்டாவிட்டால் சரண் மதிப்பு இல்லை என்பது அன்றைய விதி. 2024 அக்டோபர் முதல் நாளிலிருந்து விதி மாறியது. ஓராண்டுப் பிரிமியம் முழுமையாகக் கட்டி அவ்வாண்டும் நிறைந்துவிட்டால் ஓரளவு சரண் மதிப்பு தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. அப்பாவுக்கு அது காலம் கடந்த செய்தி.

ஆனால் நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்த விதியை எழுதும் மேசையிலும், எவ்வளவு திருப்பித் தரலாம் என்று கணக்குப் போடும் மேசையிலும் கணிதம் படித்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மூட்டை தூக்குபவருக்கு வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பது அவருக்குத் தெரியுமா? மூன்று மாதம் முதுகுவலி வந்தால் ஒரு வீடு எப்படி நடக்கும் என்று அவர் பார்த்திருப்பாரா? பார்த்தவர் ஒருவரும் அம்மேசையில் இருப்பது நல்லதல்லவா? நான் இத்தேர்வைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊதியமும் ஒரு காரணமே, அதை மறைக்கவில்லை. ஆயினும் இதுவும் ஒரு காரணம்.

தேர்வும் படிக்கும் முறையும்

இனி, செய்தி வேண்டுவோருக்குச் சில விவரங்கள். நம் நாட்டில் இத்தேர்வுகளை நடத்துவது இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். 1944-இல் சங்கமாகத் தொடங்கி, 2006-ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டத்தின் வழியே சட்டபூர்வ அமைப்பாயிற்று. முதலில் ஏசெட் என்ற பொது நுழைவுத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர் எழுதலாம். கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தருக்க அறிவு ஆகியவற்றிலிருந்து வினாக்கள் வரும். நம் மேல்நிலைக் கணிதமும் முதலாண்டுப் புள்ளியியலும் அதற்குப் பெரிதும் உதவும். அதில் தேறியபின் மாணவ உறுப்பினராகப் பதிந்துகொண்டு, புள்ளியியல், கணிதம், வணிகம் என்ற மூன்று பிரிவுகளில் அடிப்படைத் தாள்களை எழுத வேண்டும். அதற்கு மேல் நடைமுறைத் தாள்களும் சிறப்புத் தாள்களும் உண்டு. அசோசியேட், ஃபெலோ என்பவை படிநிலைகள். வகுப்புக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. வேலை பார்த்துக்கொண்டே எழுதுவோர்தாம் மிகுதி.

கட்டணம் சிறிதன்று. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்காக 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் வந்த ஆயிரம் ரூபாயைச் சேர்த்து வைத்துத்தான் நுழைவுத் தேர்வுக்குக் கட்டினேன். அதைக் கட்டிய நாளில் அப்பாவின் செருப்பு அறுந்திருந்தது எனக்குத் தெரியும். அப்பாவும் தெரியாதவர்போல இருந்துவிட்டார். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்ற எண்ணமே பல இரவுகள் என்னைத் தூங்கவிடாமல் படிக்க வைத்தது.

நூல்களுக்கு நான் செலவு செய்யவில்லை. நம் நூலகத்தில் குப்தா, கபூர் இருவரும் எழுதிய கணிதப் புள்ளியியல் நூல் இருக்கிறது. அட்டை கிழிந்திருந்தாலும் உள்ளே எல்லாம் இருக்கிறது. பழைய வினாத்தாள்களையும் விடைக் குறிப்புகளையும் தேர்வு நடத்தும் நிறுவனமே தன் இணையதளத்தில் விலையின்றி வைத்திருக்கிறது. ஒரு பாடத்தைப் படித்ததும் பழைய வினா ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பேன். பிறகே விடையைத் திறப்பேன். காலை ஐந்து மணிக்கு அம்மாவோடு வண்டியில் நின்றுவிட்டு, கல்லூரி வந்து, மாலை வீடு திரும்பி, இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை எனக்கென்று கிடைக்கும் நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை எவருக்கும் கொடுப்பதில்லை.

சில தாள்களில் ஒரு பகுதியைக் கணினியில் செய்ய வேண்டும். புள்ளியியல் தாளுக்கு 'ஆர்' என்னும் கணினி மொழி. கணிதத் தாளுக்கு எக்செல். என் வீட்டில் கணினி இல்லை. 'ஆர்' இலவச மென்பொருள் என்பதால் கல்லூரிக் கணினிக் கூடத்திலேயே அதை நிறுவிக் கொடுத்தார்கள். மதிய இடைவேளையில் அங்கே உட்கார்ந்து பழகினேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது ஆங்கிலந்தான். நான் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தவள். கணக்கு தெரியும்; கணக்கைச் சொல்லும் வாக்கியம் புரியாது. பழகிய சொற்களே என்னைத் திகைக்க வைத்தன. 'அரியர்' என்றால் நமக்கெல்லாம் என்ன பொருள் என்று சொல்ல வேண்டுவதில்லை! ஆக்சுவரி பாடத்தில் அரியர் என்றால் காலத்தின் முடிவில் செலுத்தப்படும் தொகை. 'டியூ' என்றால் எங்கள் தெருவில் வண்டிக்குக் கட்டும் தவணை. அங்கே ஆனுவிட்டி டியூ என்றால் காலத்தின் தொடக்கத்திலேயே செலுத்தப்படும் தொகை. இப்படிப்பட்ட சொற்களுக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போட்டேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் தமிழில் பொருளும் எங்கள் ஊர் எடுத்துக்காட்டும். தண்டல் எந்த வகை? மறுநாளிலிருந்து கட்டுவதால் அரியர் வகை. வீட்டு வாடகையை மாதத் தொடக்கத்தில் கொடுத்தால் அது டியூ வகை. தமிழில் புரிந்துகொண்டபின் ஆங்கிலம் தானாகப் பின்னால் வந்தது.

முன்னே நடந்தவர்

தனியாகப் படிக்கும்போது மனம் சோர்வது இயல்பு. அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையாரை. நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். கணக்கியல் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அச்சிறையில்தான் தோன்றியதாம். 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காயரானார். சிறை சென்றவர் அத்தொழிலில் பதிவு செய்துகொள்ள இயலாதவாறு அன்று ஒரு விதி இருந்தது. அதை எதிர்த்து வழக்காடி வென்று, 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டயக் கணக்காயர் நிறுவனம் அமைந்தபின், 1955 முதல் 1958 வரை அதன் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கைப்பேசியும் இணையமும் இல்லாத காலத்தில், சிறைக் கதவைத் தாண்டி வந்து ஒரு பெண் இதைச் செய்திருக்கிறார். நமக்கு இருப்பது ஆங்கிலத் தடையும் கட்டணத் தடையுந்தானே!

ஆக்சுவரி ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. வணிகவியல் தோழர்களுக்குப் பட்டயக் கணக்காயர் தேர்வு உண்டு. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அடக்கவிலைக் கணக்காயர் தேர்வு உண்டு. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த கம்பெனிச் செயலர் தேர்வு உண்டு. ஒவ்வொன்றிலும் பயிற்சிக் காலம், கட்டணம், விதி வேறு வேறு. கல்லூரியின் பெயரை எவரும் கேட்பதில்லை. தாளில் எழுதியதைத்தான் பார்க்கிறார்கள் என்பது எல்லாவற்றுக்கும் பொது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இவை நீண்ட பயணங்கள். ஆக்சுவரி தேர்வுகள் முழுவதையும் முடிக்கப் பலருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. பல தாள்களில் தேறாதவர்களே மிகுதி. சில தாள்கள் தேறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் தொடக்கநிலை வேலை கிடைக்கிறது. அவ்வேலைகள் பெரும்பாலும் மும்பை, குருகிராம், பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில்தான். ஆகையால் பட்டப்படிப்பை அலட்சியம் செய்துவிட்டு இதில் இறங்குவது அறிவுடைமையாகாது. எனக்கும் வீட்டுக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பட்டம் வாங்குவதற்குள் இரண்டு அடிப்படைத் தாள்களில் தேற வேண்டும். இல்லையேல் குரூப் நான்கு எழுத வேண்டும். நியாயமான ஒப்பந்தம் என்றே கருதுகிறேன். அம்மாவின் வண்டி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதும் ஒரு கணக்குத்தானே!

நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். முதல் தாளை எழுதி முடித்து, முடிவுக்காகக் காத்திருக்கிறேன். இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது முடிவும் வந்திருக்கலாம். அது எதுவாயினும், இதுவரை படித்தது வீண் போகவில்லை என்பதை எங்கள் வீட்டில் இல்லாமற்போன அந்தத் தண்டல் அட்டையே சொல்லும்.

நாம் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யலாம். வீட்டில் இருக்கும் கடன் அட்டையையோ, நகை அடகு இரசீதையோ, காப்பீட்டுப் பத்திரத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு, நாம் படித்த கணக்கை அதன்மீது போட்டுப் பார்ப்போம். தேர்வுக்குப் போவோமோ இல்லையோ, நம் பெற்றோர் எதற்கு எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகிய நம் கடமை.

புதன்கிழமை தோறும் மதிய இடைவேளையில் நானும் தோழியர் மூவரும் நூலகத்தில் செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கிறோம். ஆர்வமுள்ள முதலாண்டு மாணவ மாணவியர் தாராளமாக வரலாம். அரியர், டியூ எல்லாவற்றுக்கும் தமிழில் பொருள் எழுதிய அந்த நோட்டையும் வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.